ஆணுக்குப் பழுப்பு, பெண்ணுக்கு வெள்ளை

தன் மகள் ஈ வளர்க்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேட்டதும் பக்ருதீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். திண்டுக்கல் பேகம்பூரில் அவருக்கு ஒரு சின்னத் தோல் மண்டி. ஆட்டுத் தோல்களுக்கு உப்புத் தடவி அடுக்கி வைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புகிற இடம். அங்கே அவருக்கு முதல் பகை ஈதான்.

"நான் பொழுதன்னைக்கும் ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கேன். எம்மக என்னடான்னா அதத் தொட்டில்ல போட்டு வளக்கப் போறேங்கிறா. ஏம்மா, ஒனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலயா?"

"இது ஒங்க மண்டி ஈ இல்ல, அத்தா. பழ ஈ. பாக்க அழகா இருக்கும்" என்றாள் பாஸிலா.

"ஈயில என்னத்த அழகு?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் அவளுடைய அம்மா ஜெய்தூன் பீவி. "போறதுன்னா போ. வந்ததும் குளிச்சுட்டுத்தான் அடுப்படிக்குள்ள காலு வைக்கணும்."

பாஸிலா விலங்கியல் படித்தவள். முதுகலை முடித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னிவாடி சாலையில் பழ ஈ ஆராய்ச்சி நிலையம் ஒன்று புதிதாகத் திறந்தபோது அவளும் விண்ணப்பித்தாள், நானும் விண்ணப்பித்தேன். என் பெயர் சகாயசெல்வி. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். கோதுமைத் தவிடும் ஈஸ்டும் சர்க்கரையும் கலந்து புழுக்களுக்குத் தீனி செய்வது என் வேலை. அந்தத் தீனியைத் தின்னும் புழுக்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆகவே இங்கே நான் எழுதுவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லக் கேட்டது.

கொய்யாவை நறுக்கும்போது உள்ளே வெள்ளையாக நெளியுமே புழு, அதைப் பெற்றவள்தான் பழ ஈ. பெண் ஈக்கு வால் நுனியில் ஊசி மாதிரி ஓர் உறுப்பு உண்டு. பழத்தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு உள்ளேயே தின்று கொழுத்து, வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்து, கூட்டுப்புழுவாகச் சுருண்டுகொள்ளும். கோதுமை மணி அளவுக்கு, அதே போலப் பழுப்பாக, அசையாமல் கிடக்கும். சில நாளில் அதை உடைத்துக்கொண்டு ஈ வெளியே வரும்.

வளர்ப்பு அறைக்குள் முதன்முதலில் நுழைந்த அன்று நான் அலறியது அடுத்த கட்டிடம் வரை கேட்டதாம். காரணம், பழ ஈயின் புழு குதிக்கும். முற்றிய புழு தலையையும் வாலையும் ஒன்றாக வளைத்துப் பிடித்து, சட்டென்று விடும். விட்டால் தட்டைத் தாண்டிப் போய் விழும். நூற்றுக்கணக்கில் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்று என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது. பாஸிலா அதைத் தட்டிவிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"செல்வி, செத்த நேரம் சும்மா இரு. கேளு. தகரத்துல தூறல் விழுற மாதிரி இல்ல?"

அப்படித்தான் இருந்தது. அன்றைக்கே அவளுக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று.

எங்கள் நிலையத்தின் தலைவர் டாக்டர் கௌசல்யா. மரபியல் படித்தவர். பேசும்போது கையில் எது இருந்தாலும் அதை ஆட்டி ஆட்டிப் பேசுவார்; ஒருமுறை டீக் கோப்பை. சேர்ந்த முதல் வாரத்தில் எங்களை உட்கார வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கினார். ஆண் ஈக்களை லட்சக்கணக்கில் வளர்க்க வேண்டும். கூட்டுப்புழுவாக இருக்கும்போதே அவற்றின் மேல் எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். அதனால் ஈ சாகாது. பறக்கும், பெண்ணைத் தேடும், சேரும். ஆனால் அதோடு சேர்ந்த பெண் இடும் முட்டை பொரிக்காது. தோப்பில் இருக்கும் காட்டு ஆண்களைவிட நம்முடைய மலட்டு ஆண்கள் பல மடங்கு அதிகமாக இருந்தால், பெண்கள் பெரும்பாலும் இவர்களிடம்தான் மாட்டும். தலைமுறைக்குத் தலைமுறை புழு குறையும். மருந்தடிக்கிற வேலையும் குறையும்.

"அப்பப் பொண்ணு ஈய என்ன செய்யறது, மேடம்?" என்று கேட்டாள் பாஸிலா.

"அதுதான் தலைவலி" என்றார் கௌசல்யா. "கூட்டுப்புழுவா இருக்கும்போது ஆண் எது பெண் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு. சேர்த்து விட்டோம்னா நம்ம ஆண் நம்ம பெண்ணோடவே சுத்திக்கிட்டு இருக்கும். போதாக்குறைக்கு நம்ம பெண்ணும் பழத்தைப் போய்க் குத்தும். முட்டை பொரிக்காட்டியும் குத்தின இடம் அழுகும். விவசாயி நம்மளை அடிக்க வருவார்."

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்று கூட்டுப்புழு தானாகவே பிரிந்து நிற்கும் இனம். அதே மாதிரி ஒன்றை நம் ஊர் ஈயிலிருந்தே உண்டாக்க வேண்டும் என்பது கௌசல்யாவின் ஆசை. அதற்கு முதலில் நிறம் மாறிய கூட்டுப்புழு ஒன்று கிடைக்க வேண்டும். நிறத்துக்கான மரபணு எங்காவது ஒன்றில் பழுதாகியிருக்கும். அந்த ஒன்று கண்ணில் பட வேண்டும்.

அதற்காகக் கன்னிவாடி, பாலசமுத்திரம், ஆயக்குடிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து புழு விழுந்த கொய்யாக்களைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, அதில் வரும் புழுக்களைத் தனித்தனியாக வளர்த்தோம். பாஸிலா தினமும் தட்டுத் தட்டாகக் கூட்டுப்புழுக்களைப் பரப்பிப் பார்ப்பாள். மாதக்கணக்கில் பழுப்பு, பழுப்பு, பழுப்பு. வீட்டில் சோற்றைப் பார்த்தால் கூடக் கை தானாகத் துழாவுகிறது என்பாள்.

ஒரு மழைக்கால முற்பகலில் ஒரு தட்டில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாகச் சுருண்ட கூட்டுப்புழு முதலில் வெளுப்பாகத்தான் இருக்கும், சில மணி நேரத்தில் கறுத்துவிடும். இல்லாவிட்டால் செத்ததாக இருக்கும். இருந்தாலும் அதை ஒரு சின்னக் குப்பியில் போட்டு ஓரமாக வைத்தாள். மறுநாளும் அது வெள்ளை. அதற்கு மறுநாளும் வெள்ளை. என்னிடம் வந்து சொல்லும்போது அவளுக்குக் குரல் தாழ்ந்துவிட்டது, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதைப் போல.

"இன்னும் பச்சரிசி மாதிரியே இருக்கு செல்வி. உசுரோட இருக்கான்னுதான் தெரியல."

உயிரோடு இருந்தது. ஒரு காலையில் குப்பிக்குள் ஈரச் சிறகை உதறிக்கொண்டு நின்றது ஒரு பெண் ஈ. மஞ்சள் கோடு போட்ட முதுகு, கண்ணாடிச் சிறகு, பச்சையும் செம்மையும் கலந்து மின்னும் கண். வெளியே வந்தபின் மற்ற ஈக்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அது விட்டுவிட்டு வந்த கூடு மட்டும் வெள்ளை. கௌசல்யா அந்த வெற்றுக் கூட்டை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நல்லவேளை, அப்போது கையை ஆட்டவில்லை.

சாதாரணப் பழுப்பு ஆண் ஒன்றை அந்தப் பெண்ணோடு சேர்த்து விட்டோம். முட்டை வந்தது, புழு வந்தது, கூட்டுப்புழு வந்தது. அத்தனையும் பழுப்பு. ஒன்றுகூட வெள்ளை இல்லை. பாஸிலாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஏம்மா இப்படி நிக்கிற?" என்றார் கௌசல்யா. "இப்பத்தான் சரியாப் போயிட்டு இருக்கு. வெள்ளை உள்ளே ஒளிஞ்சிருக்கு. இந்தப் பிள்ளைகளையே ஒண்ணோட ஒண்ணு சேர்த்து விடு. அடுத்த தலைமுறையில வெளியே வருதா இல்லையா பார்."

பாஸிலா படித்தவள்தான், இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பாடத்தில் பட்டாணியாக இருந்தது, இங்கே அவளுடைய ஈயாக இருந்தது. தெரிந்திருந்தும் அந்த வாரங்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் வைத்த வெஞ்சனம் அப்படியே இருப்பதைப் பார்த்து ஜெய்தூன் பீவி என்னவென்று கேட்க, அவள் வீட்டுக் கதையை வைத்தே விளக்கியிருக்கிறாள்.

"ஒங்க அத்தாவுக்குப் பூனைக்கண்ணுல்லம்மா? ஒங்களுக்கு இல்ல. மாமுவுக்கும் இல்ல. ஆனா மாமு மகளுக்கு வந்துருச்சு. அது எங்க போயிருந்துச்சு அத்தன நாளு?"

"எங்க போயிருந்துச்சு?"

"ஒங்களுக்குள்ளதான். மாமுவுக்குள்ளதான். மாமி பக்கத்துலயும் கொஞ்சம் ஒளிஞ்சு இருந்திருக்கும். ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் வெளிய தெரியும்."

ஜெய்தூன் பீவி தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "அப்ப ஒன் ஈக்கும் வரும். சாப்புடு" என்றாராம்.

வந்தது. அடுத்த தலைமுறைத் தட்டை அவள் பரப்பியபோது நான் தீனிக் கையோடு பக்கத்தில் நின்றேன். பழுப்புக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை. ஏறக்குறைய நாலில் ஒன்று. சிவப்பரிசியில் பச்சரிசியைக் கொட்டிக் கலந்ததைப் போல. பாஸிலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கையிலிருந்த புளித்த தவிடு முழுவதும் அவள் முதுகில். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இதற்கிடையில் வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் வந்து, வேலை என்னவென்று கேட்டு, ஈ என்றதும் சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டன. மூன்றாவதாக ஹாமித் வீட்டார் வந்தபோது ஜெய்தூன் பீவி எச்சரிக்கையாக இருந்தார்.

"ஆராய்ச்சியில இருக்கா" என்றார்.

"என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார் ஹாமித்தின் அம்மா.

"வெவசாய ஆராய்ச்சி."

பாஸிலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஈ வளக்குறேன் மாமி" என்று சொல்லிவிட்டாள்.

பக்ருதீன் கூரையைப் பார்த்தார். ஹாமித்துக்குப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை. அவன் தலையை நிமிர்த்தி, "கேள்விப்பட்டேன். ஈக்கெல்லாம் ஜோடி சேத்து வைக்கிறீங்களாமே?" என்றான்.

"ஆமா. ஆனா வம்சம் தெரியாம சேக்க மாட்டோம்."

ஹாமித் சிரித்தான். அவனுடைய அம்மாவும் சிரித்துவிட்டார். அப்புறம் அவன் கேட்டான், இவள் சொன்னாள். ஒரு ஈ எத்தனை முட்டை இடும், புழு எப்படிக் குதிக்கும், வெள்ளை எங்கே ஒளிந்திருந்தது என்று அவள் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் பேச வேண்டிய பேச்செல்லாம் காத்துக் கிடந்தது. கிளம்பும்போது ஹாமித்தின் அம்மா ஜெய்தூன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மகன் இம்புட்டு நேரம் ஒரு எடத்துல உக்காந்து நான் பாத்ததில்ல" என்றாராம். நிக்காஹ்வுக்கு நாள் குறித்தார்கள்.

நிலையத்தில் அப்போது வேலையின் கடினமான பகுதி நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கூட்டுப்புழு இனம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் ஆணும் வெள்ளை, பெண்ணும் வெள்ளை. ஆணை மட்டும் பழுப்பாக்க வேண்டும். பழுப்பு நிறத்தைத் தரும் நல்ல மரபணு சாதாரண ஈயில் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான குரோமோசோம் ஒன்றில் இருக்கிறது. அந்தத் துண்டு உடைந்து போய், ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டால் போதும். பிறகு அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மகளுக்குப் போகவே போகாது. மகன் பழுப்பு, மகள் வெள்ளை.

உடைப்பதற்கு எக்ஸ்ரே இருக்கிறது. ஆனால் எது எங்கே உடைந்து எங்கே ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. பழுப்பு ஆண்கள் மேல் கதிரைக் கொஞ்சமாகப் பாய்ச்சி, வெள்ளைப் பெண்களோடு சேர்த்து, பிறக்கும் மகன்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஒரு வெள்ளைப் பெண்ணோடு தனிக் கிண்ணத்தில் குடிவைக்க வேண்டும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு குடும்பம். அதில் வரும் கூட்டுப்புழுக்களைப் பழுப்பு வேறு, வெள்ளை வேறு என்று பிரித்து வைத்து, ஈயாக வெளிவந்ததும் எந்தப் பக்கம் ஆண், எந்தப் பக்கம் பெண் என்று பார்க்க வேண்டும். எல்லாக் கிண்ணத்திலும் இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் கலந்தே வந்தன. அலமாரி அலமாரியாகப் பார்த்தோம். கௌசல்யா கூட ஒரு கட்டத்தில் பேசும்போது கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

கல்யாணம் நெருங்கியபோது பாஸிலாவின் கையில் ஒரு புதிய அலமாரி. அதில் ஒரு குடும்பம் மிகச் சிறியது. முட்டைகளில் பாதி பொரிக்கவே இல்லை. அதைத் தள்ளிவிடலாமா என்று நான் கேட்டதற்கு அவள் சிலிர்த்துக்கொண்டாள்.

"குரோமோசோம் உடைஞ்சு மாறி ஒட்டுனாத்தான் இப்படிப் பாதி பொரிக்காம போகும். இதத்தான் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கணும்."

மருதாணி சிவந்த கையோடு நிக்காஹ்வுக்கு முந்தின நாள் வரை வந்து அந்தக் கிண்ணங்களைப் பழுப்பு, வெள்ளை என்று பிரித்து வைத்தாள். கௌசல்யா வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

நிக்காஹ் நடந்தது. பிரியாணியைப் பற்றித் திண்டுக்கல்காரர்கள் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வாரத்திலேயே ஒரு முற்பகலில் நிலையத்தின் வாசலில் பைக் வந்து நின்றது. பட்டுப் புடவையும் கழுத்து நிறைய நகையுமாகப் பாஸிலா இறங்கி உள்ளே வந்தாள், பின்னாலேயே கையில் இனிப்புப் பெட்டியோடு ஹாமித். மாமு வீட்டு விருந்துக்குப் போகிற வழியாம்.

"அஞ்சே நிமிசம்னு சொன்னா" என்றான் ஹாமித் என்னிடம், ஒருவிதமான பயத்தோடு.

ஈக்கள் முந்தின நாள்தான் வெளிவந்திருந்தன. பறக்காமல் இருப்பதற்காகக் கிண்ணங்களைச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, மயங்கிக் கிடக்கும் ஈக்களை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது வழக்கம். வளையல் குலுங்காமல் இருக்க ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு பாஸிலா பார்த்தாள். முதல் கிண்ணம் கலப்பு. அடுத்ததும் கலப்பு. பிறகு அந்தச் சிறிய குடும்பம். பழுப்புக் கூட்டிலிருந்து வந்தவற்றைத் தட்டில் கொட்டி, லென்ஸை வைத்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"செல்வி, நீ பாரு. எனக்குக் கல்யாணக் கிறுக்குல கண்ணு தெரியல போல."

நான் பார்த்தேன். பெண் ஈயின் வால் கூராக நீண்டிருக்கும், ஆணுக்கு மழுங்கலாக இருக்கும். அந்தத் தட்டில் கூர் வால் ஒன்றுமே இல்லை. வெள்ளைக் கூட்டிலிருந்து வந்தவற்றைக் கொட்டினோம். எல்லாம் கூர் வால்.

கௌசல்யாவைக் கூப்பிட்டோம். அவர் வந்து ஒவ்வொரு ஈயையும் தூரிகை முனையால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பாஸிலா அழுதாள். எனக்கு இரண்டும் வந்தது.

"என்னங்க ஆச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்" என்றான் ஹாமித், இனிப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"பையன் பூராம் பழுப்புங்க! பொண்ணு பூராம் வெள்ளை!" என்று கத்தினாள் பாஸிலா.

அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் பெட்டியைத் திறந்து முதலில் கௌசல்யாவிடம் நீட்டினான். வாட்ச்மேன் கருப்பணன் வரை எல்லோருக்கும் கொடுத்து முடித்தபோது பெட்டியில் தூள்தான் மிச்சம். மாமு வீட்டுக்கு வேறு வாங்கிக்கொண்டு போனார்கள். விருந்து ஆறிப்போயிருந்ததாம். மாமு கேட்டதற்கு ஹாமித் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அதற்குள் அவனுக்கு ஒய் குரோமோசோம் என்று சொல்லவும் வந்துவிட்டது.

அந்தச் சிறிய குடும்பம் பெருக நாளாயிற்று. பாதி முட்டை பொரிக்காத இனம் மெதுவாகத்தான் வளரும். இடையிடையே பழுப்பில் ஒரு பெண் தலைகாட்டும். தவறிப்போன அதை உடனே எடுத்துவிட்டு, சரியானவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைக்க வேண்டும். பாஸிலா அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். இனம் பெருகியதும் வேறொரு கேள்வி வந்தது. கையால் எத்தனையைப் பிரிப்பது? லட்சக்கணக்கில் வேண்டுமே.

ஒட்டன்சத்திரத்துப் பழனிக்குமார் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அரிசி ஆலைகளில் கறுப்பு அரிசியைத் தனியே பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். பழையதொன்றை எங்களுக்காக வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். பாஸிலா ஒரு கிண்ணத்தில் கலந்த கூட்டுப்புழுக்களை நீட்டினாள்.

"ஏனுங்க, இது என்ன ரகமுங்க? கோதுமையுமில்ல, நெல்லுமில்ல."

"உள்ள ஈ இருக்குங்க."

பழனிக்குமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சொல்லியிருந்தீங்கன்னா வெரலை உட்டிருக்க மாட்டனுங்க."

ஆனாலும் ஆள் விடவில்லை. இயந்திரத்தில் மணிகள் அருவி போல விழும். கேமரா நிறத்தைப் பார்க்கும். வேண்டாத நிறம் வந்தால் ஒரு ஊது காற்று அதைத் தள்ளிவிடும். முதல் தடவை ஓட்டியபோது காற்று வேகத்தில் கூட்டுப்புழுக்கள் நசுங்கின. பழனிக்குமார் காற்றைக் குறைக்க, பாஸிலா ஈ சரியாக வெளிவருகிறதா என்று பார்க்க, இன்னும் குறைக்க என்று இரண்டு பேரும் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஒரு பக்கம் பழுப்பு அருவி, மறு பக்கம் வெள்ளை அருவி. பழனிக்குமார் தன் செல்போனில் வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். "என்ற ஊட்டுல நம்ப மாட்டாங்கங்க" என்றார்.

எக்ஸ்ரே பாய்ச்சிய ஆண்களை முதலில் விட்டது பாலசமுத்திரத்தில், சிவனம்மாளின் கொய்யாத் தோப்பில். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு தோப்பில் மட்டும் விட்டால் பக்கத்திலிருந்து ஈ வந்துவிடும். பெட்டி பெட்டியாக ஈக்கள் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்துச் சிவனம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏனுங் அம்மிணி, ஈயை ஒழிக்கோணும்னு உங்களைக் கூப்பிட்டா, ஊரு ஈயெல்லாம் கொண்டாந்து என்ற தோட்டத்துல உடறீங்களே, இது நாயமா?"

"எல்லாம் ஆம்பளங்கம்மா. பழத்தக் குத்தவே தெரியாது. ஒண்ணப் பிடிச்சுப் பாருங்க."

பாஸிலா லென்ஸைக் கொடுத்தாள். சிவனம்மாள் ஒரு ஈயைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். "இதுகளுக்குப் புள்ளை பொறக்காதுங்களா?"

"பொறக்காது."

"அது இதுகளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதும்மா."

"பாவம், சந்தோசமா இருக்கட்டும், உடுங்க" என்றார். பெட்டிகளைத் திறந்தோம். காலை வெயிலில் ஈக்கள் எழும்பி இலைகளுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டன. வாரம் தவறாமல் வேன் போனது. பாஸிலாவுக்கு மகள் பிறந்து, அவள் வீட்டிலிருந்த மாதங்களில் நான் கூடப் போனேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அவளிடம் போனில் சொல்ல வேண்டும்; தோப்பில் தொங்கவிட்ட பொறியில் எத்தனை காட்டு ஈ, அடையாளத்துக்குச் சாயப்பொடி தூவி விட்ட நம் ஈ எத்தனை என்று. அவள் ஒரு பக்கம் பிள்ளையைத் தட்டிக்கொண்டே மறு பக்கம் கேட்டுக்கொள்வாள். நம்முடையது ஏறிக்கொண்டும் காட்டு ஈ இறங்கிக்கொண்டும் இருந்தது.

போன பருவத்தில் சிவனம்மாள் ஆள் விட்டார்: எல்லோரும் வர வேண்டும், குடும்பத்தோடு. வேனில் கௌசல்யா, பழனிக்குமார், நான். பின்னால் ஒரு காரில் பாஸிலா, ஹாமித், குழந்தை, பக்ருதீன், ஜெய்தூன் பீவி. தோப்பில் மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, கொய்யாக்களைக் குவித்து வைத்திருந்தார்கள். நாலைந்து பெண்கள் அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டே இருந்தார்கள். நறுக்கிய ஒவ்வொன்றையும் சிவனம்மாள் பிளந்து பாஸிலாவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாருங் அம்மிணி. இருக்குதுங்களா? இதுல? இதுல இருக்குதுங்களா?"

இல்லை. வெள்ளை வெளேரென்ற சதை, மணிமணியாக விதை. குவியல் பாதி கரைந்த பிறகு ஒரே ஒரு பழத்தில் ஒரு புழு நெளிந்தது. அந்தப் பழத்தைக் கையில் வைத்திருந்த பெண் குற்றம் செய்தவளைப் போல முழித்தாள்.

"முழுசா ஒழியலம்மா" என்றாள் பாஸிலா. "விட்டோம்னா திரும்ப ஏறிரும்."

"ஒண்ணு ரெண்டு இருந்துட்டுப் போகட்டுமுங்க. முன்னெல்லாம் நறுக்கினா நல்லதைத்தான் தேடோணும்."

மிளகாய்ப்பொடியும் உப்பும் கலந்து ஒரு தட்டில் வந்தது. ஜெய்தூன் பீவி ஒரு துண்டில் தொட்டு வாயில் போட்டு, காரத்தில் கண் கலங்க, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். ஹாமித் முதலில் பத்துப் பழத்தை மோந்து பார்த்துவிட்டு, கடைக்கு எத்தனை கூடை கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தான். பக்ருதீன் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு மரம் மரமாக நடந்தார். ஓர் இலைக்கு அடியில் ஈ ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவர் நின்றார். கை ஓங்கவில்லை. "பாரும்மா, ஒங்கம்மா புள்ளைங்க" என்று குழந்தைக்குக் காட்டினார்.

கிளம்பும்போது சிவனம்மாள் ஒரு கூடையைக் காரில் ஏற்றிவிட்டு, பாஸிலாவைத் தனியே இழுத்தார். தனியே என்றாலும் அவர் குரலுக்குத் தோப்பு முழுவதும் கேட்கும்.

"அம்மிணி, பக்கத்து ஊர்க்காரங்களும் கேக்கறாங்க. அடுத்த வாரம் சேத்தி அனுப்போணும். எத்தனை ஆம்பளைங்க அனுப்புவீங்க?"

"எத்தன வேணும்?"

"லட்சக்கணக்குல வேணுமுங்க. எல்லாம் இளசா, நல்லாப் பறக்கறதாப் பாத்து அனுப்புங்க."

நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அரிவாள்மணையை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஸிலா சிரிப்பில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஹாமித் காருக்குள் இருந்து, "நேரமாச்சு, வாரியா இல்லையா?" என்று ஹார்ன் அடித்தான். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பவும் போய்ச் சிவனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.